கை கற்ற கல்வி

விடியலுக்கு முந்திய இருளில், நெற்றியில் கட்டிய சிறு விளக்கின் ஒளியில், இரப்பர்த் தோட்டத்துத் தாய் ஒருவர் பால்மரத்தின் முன் நிற்கின்றார். முன்பு வெட்டிய கோட்டின் மேல் அவருடைய உளி சாய்வாக இறங்குகின்றது. ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள பட்டைச் சீவல் சுருண்டு விழுகின்றது. பால் கசிந்து, கோட்டின் வழியே வழிந்து, மங்கில் சொட்டத் தொடங்குகின்றது. அதற்குள் அவர் அடுத்த மரத்தை அடைந்துவிடுகின்றார். நிரையில் இன்னும் நூற்றுக்கணக்கான மரங்கள் காத்து நிற்கின்றன.

காண்பவர்க்கு இது எளிய செயலாகத் தோன்றலாம். உண்மை அஃதன்று. பால் ஊறும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் செறிந்துள்ளன. அவற்றிற்கும் உள்ளே, பட்டையை மீண்டும் வளர்க்கும் உயிர்ப்படலம் இருக்கின்றது. உளியின் ஆழம் குறைந்தால் பால் குறையும்; ஆழம் மிகுந்தால் உயிர்ப்படலம் புண்பட்டு, பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக உருமாறும். ஆதாயத்திற்கும் அழிவிற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மில்லிமீட்டர் அளவே. அந்த அளவை இருட்டில், ஓர் இமைப்பொழுதில், எவ்வாறு அறிய முடிகின்றது என்று அத்தாயைக் கேட்டால், "அது கைக்குத் தெரியும்" என்பதற்கு மேல் அவரால் விளக்கம் தர இயலாது.

கைக்குத் தெரியும் என்பது வெறும் பேச்சு வழக்கா? அன்றி, உண்மையிலேயே அஃது ஓர் அறிவா? அறிவே என்றால், ஏட்டிலிருந்து பெறும் அறிவிற்குச் சமுதாயம் தரும் மதிப்பு அதற்கும் உரியதன்றோ? இவ்வினாக்கள் தோட்டத்தோடு நின்றுவிடுவன அல்ல. மிருதங்கம் பயிலும் மாணவன், சிலம்பம் சுழற்றும் இளைஞன், எழுத்தாணிக் காலம் முதல் எழுதுகோற் காலம் வரை கையெழுத்துப் பழகிய கோடிக்கணக்கான சிறுவர், இவர்கள் அனைவரையும் பற்றியவை. கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கோ இவை தவிர்க்க முடியாதவை.

இருவகை அறிவு

மெய்யியல் அறிஞர்கள் நெடுங்காலம் அறிவைச் சொல்லின் பக்கமே நிறுத்தி வைத்தனர். எது கூற்றாக எடுத்துரைக்கப்படுமோ, எதற்குக் காரணம் காட்டப்படுமோ, அதுவே அறிவு. கையால் செய்யப்படுவது அவ்வறிவின் ஏவலைக் கேட்டு நடக்கும் தொழில் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணத்தை எதிர்த்து வலிமையாக வாதிட்டவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து மெய்யியல் அறிஞர் கில்பர்ட் ரைல். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், ஒன்று இன்னதென அறிதல் வேறு, ஒன்றைச் செய்ய அறிதல் வேறு என அவர் பிரித்துக் காட்டினார்.

அவருடைய வாதம் எளியது. அறிவோடு செய்யப்படும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால், அதற்குரிய விதியை மனத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும் எனக் கொள்வோர் ஒரு சிக்கலில் விழுகின்றனர். விதியை எண்ணிப் பார்த்தலும் ஒரு செயலே. அதனையும் அறிவோடு செய்தல் வேண்டும் எனின், அதற்கு முன்னால் மற்றோர் எண்ணம் தேவை. அதற்கு முன்னால் இன்னொன்று தேவை. இவ்வாறு முடிவின்றிப் பின்னோக்கிச் சென்றுகொண்டே இருந்தால், எந்தச் செயலும் தொடங்கவே மாட்டாது. ஆதலின், எண்ணத்தின் துணையை எதிர்பாராமல் தன்னளவிலேயே அறிவுடைய செயல் என ஒன்று இருந்தாக வேண்டும்.

இது தருக்கம் காட்டிய வழி. அறிவியலும் பின்னர் அதே இடத்திற்கு வேறொரு வழியில் வந்து சேர்ந்தது.

மண்டைக்குள் நிகழும் மாற்றம்

மனித மூளை ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களைக் கொண்டது. அவற்றில் பெரும்பகுதி, தலையின் பின்புறத்தில் கீழே ஒடுங்கியிருக்கும் சிறுமூளையில் உள்ளது என்பது வியப்பிற்குரியது. அசைவுகளை அளந்து சீர்செய்வதே அச்சிறுமூளையின் தலையாய பணி. இசைவாக நடக்கவும், எட்டி எடுக்கவும், பாடவும், வெட்டவும் தேவையான கணக்கு அத்துணைப் பெரிது போலும்!

ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால், நரம்பணுக்கள் தனித்தனி உயிரணுக்கள் என்பதை நிலைநாட்டி, 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். பயிற்சியானது நரம்பணுக்களுக்கு இடையே உள்ள தொடர்புகளை வலுப்படுத்தக் கூடும் என்ற கருத்தை அவர் 1894ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு உறுதிப்படும் என்னும் கொள்கையைக் கனடா நாட்டு உளவியலறிஞர் டொனால்டு ஹெப் 1949இல் வகுத்துரைத்தார். ரைலின் நூல் வந்த அதே ஆண்டு அது.

புதிதாக ஒரு வித்தையைத் தொடங்குபவனின் மூளை, அயலூர்ச் சந்தையில் வழி தெரியாமல் நிற்பவனைப் போன்றது. எல்லாத் திசையிலும் கவனம் சிதறுகின்றது. ஒவ்வோர் அசைவையும் பெருமூளை நினைந்து நினைந்து ஏவ வேண்டியுள்ளது. எண்ணிய அசைவிற்கும் நிகழ்ந்த அசைவிற்கும் இடையே உள்ள பிழையைச் சிறுமூளை கணித்து, அடுத்த முறை அதனைச் சிறிது குறைக்கின்றது. பெருமூளையின் அடியாழத்தில் உள்ள நரம்புத் திரள்கள், தனித்தனி அசைவுகளைக் கோத்து ஒரே தொடராக்குகின்றன. உறக்கத்தின்போதும் இப்பணி ஓய்வதில்லை. நாளடைவில் பத்து அசைவுகளாக இருந்தவை ஒன்றாகின்றன. கவனம் விடுதலை பெறுகின்றது. மிருதங்கம் கற்பவன் விரல்களை மறந்து தாளத்தைக் கேட்கத் தொடங்கும் நாள் அந்நாளே.

இம்மாற்றம் உவமை அளவில் நிற்பதன்று, அளந்து காணத்தக்கது. 2004ஆம் ஆண்டில் செருமானிய ஆய்வாளர்கள் 24 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகச் செய்தனர். அசையும் பொருளைக் கண்டறியும் மூளைப் பகுதிகளில் சாம்பல் நிறப்பொருள் மிகுந்திருந்ததை ஊடுகதிர்ப் படங்கள் அன்றி, காந்த அதிர்வுப் படங்கள் காட்டின. அதன்பின் அவர்கள் மூன்று மாதம் பயிற்சியைக் கைவிட்டனர், மிகுந்தது குறைந்திருந்தது. தசை மட்டுமன்றி மூளையும் உழைப்பால் வளர்ந்து, உழைப்பு நீங்கினால் மெலியும் உறுப்பு என்பது இதனால் புலனாயிற்று.

2009இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அதே வித்தையை ஆறு வாரம் பயிற்றி, மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பணுக்களை இணைக்கும் நெடுநாரிழைகளில், மாற்றம் கண்டனர். அந்நாரிழைகளைச் சுற்றிப் படரும் மயலின் என்னும் கொழுப்புறை செய்தியை விரைவாகச் செல்லச் செய்வது. புதிய மயலினை உருவாக்க இயலாதவாறு செய்யப்பட்ட எலிகள், படிகள் சீரற்று அமைந்த சுழற்சக்கரத்தில் ஓடக் கற்பதில் பின்தங்கின என்பதை 2014இல் இலண்டன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

ஆக்ஸ்போர்டு ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. ஆறு வாரத்தின் முடிவில் சிலர் வித்தையில் சிறந்தனர், சிலர் தடுமாறினர். ஆயினும் மூளையில் காணப்பட்ட மாற்றத்தின் அளவு, அவர்கள் அடைந்த திறமையின் அளவோடு தொடர்புற்றதாகக் காணப்படவில்லை. வென்றவனுக்கு மட்டும் உரிய பரிசாக அம்மாற்றம் வரவில்லை, முயன்றவனுக்கும் வந்தது. மதிப்பெண்ணால் மட்டுமே மாணவனை அளக்கும் பள்ளிக்கூடங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

மறந்தவர் கற்ற வித்தை

கைக்குத் தெரியும் என்னும் சொல்லின் மெய்ம்மையை ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை போல் விளக்குவது வேறொன்றில்லை. 1926இல் பிறந்த அவர் கடுமையான வலிப்பு நோயால் துன்புற்றார். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், நோயைத் தணிக்கும் பொருட்டு மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் அறுவையால் அகற்றப்பட்டன. வலிப்பு தணிந்தது. ஆனால், புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் ஆற்றல் அவரை விட்டு நீங்கிற்று. சற்றுமுன் உரையாடியவரை மீண்டும் காணும்போது புதியவராகவே கண்டார்.

மொன்றியலைச் சேர்ந்த உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி தந்தார். கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் அதன் உருவத்தை மட்டும் பார்த்து, விண்மீன் வடிவத்தின் இரு கோடுகளுக்கு இடையே பென்சிலால் வரைதல் வேண்டும். இடம் வலமாகவும் முன்பின்னாகவும் குழப்பும் கடினமான செயல் அது. மொலைசன் மூன்று நாள் அதனைச் செய்தார். நாளுக்கு நாள் பிழைகள் குறைந்தன; இறுதியில் கோடு செம்மையாக ஓடிற்று. ஆனால், ஒவ்வொரு நாளும் அப்பயிற்சியைத் தாம் முன்பு செய்ததாக அவருக்குச் சிறிதும் நினைவில்லை.

இங்குக் கற்றவர் யார்? கற்றதாக அவர் அறியவில்லை, ஆயினும் கற்றிருந்தார். அவருடைய வாய் இல்லை என்று கூறிற்று. கை உண்டு என்று காட்டிற்று. சொல்லால் நினைவுகூரப்படும் அறிவும் செயலால் வெளிப்படும் அறிவும் மூளையில் ஒரே வாயில் வழியாகப் புகுவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. 2008இல் மொலைசன் மறைந்தார். தாம் மனிதகுலத்திற்கு அளித்த கொடையைக்கூட நினைவில் வைத்திருக்க இயலாமல் வாழ்ந்தவர் அவர்.

எனவே, பால்மரத்தின் முன் நின்ற தாய் கூறியது அணியுரை அன்று, உண்மையுரையே. அவருடைய அறிவு சொல்லாக வாராமைக்குக் காரணம் அறிவின்மை அன்று. அவ்வறிவு தங்கியுள்ள இடம் சொல்லின் இருப்பிடம் அன்று என்பதே காரணம். இதனை உணர்ந்தால், உடலுழைப்பு, மூளையுழைப்பு என்று உலகம் வகுத்த பிரிவின் அடித்தளமே ஆட்டம் காண்கின்றது. நுண்ணிய கைத்தொழில் யாவும் மூளையின் உழைப்பே.

தவறும் பதியும்

இத்துணைச் சிறப்புடைய பயிற்சிக்கு மற்றொரு முகமும் உண்டு. திரும்பத் திரும்பச் செய்யப்படுவதை மூளை பதித்துக்கொள்கின்றது. அது நல்லதா, தீயதா என்று பயிற்சியின் விதி கேட்பதில்லை. பணப்பையை அறுப்பவனின் விரல்களும் பழகிப் பழகியே நுண்மை பெறுகின்றன. திறமை வேறு, அறம் வேறு என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகப் போதும்.

அளவு மீறிய பயிற்சியும் தீங்காகும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் பிளைஷர் இளமையிலேயே உலகப் புகழ் பெற்றவர். 1960களின் நடுப்பகுதியில் அவருடைய வலக்கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கத் தொடங்கின. கையில் காயம் இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனியே உள்ள இடங்கள் எல்லை குழம்பி ஒன்றோடொன்று கலந்துபோகும் ஒரு வகைக் கோளாறு அது. மிகையான பயிற்சி அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. எந்தப் பயிற்சி விரல்களைப் பிரித்து வளர்த்ததோ, அதுவே எல்லை மீறியபோது அவற்றைப் பிணித்துவிடவும் கூடும். பிளைஷர் மனம் தளர்ந்து பின்னர் மீண்டார். இடக்கைக்கென அமைந்த இசையை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், மாணவர்க்குக் கற்பித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1990களில், மருத்துவத்தின் துணையால் இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார்.

இங்கே ஒரு தடை எழலாம். பழக்கம் மூளையிலேயே செதுக்கப்படுவதாயின், மனிதன் அதன் அடிமைதானே? அடிமைக்குப் புகழேது, பழியேது? இவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. ஆயினும் இது பாதி உண்மையின் மேல் எழுந்தது. செதுக்கப்பட்டது மாற்றத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பதைப் பந்து வித்தை ஆய்வே காட்டிற்று. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தோர் பலருக்கு, நல்ல கையைக் கட்டி வைத்து, நலிந்த கையையே பல மணிநேரம் விடாது பயிற்றும் மருத்துவ முறையால் இயக்கம் ஓரளவு மீள்கின்றது. மூளை கல் அன்று, களிமண்ணும் அன்று. தண்ணீர் ஓடி ஓடி வாய்க்காலாகும் நிலம் அது. வாய்க்கால் ஆழமாகிவிட்டால் தண்ணீரைத் திருப்புவது கடினம். ஆனால் எங்கே மண்வெட்டி வைப்பது என்பதைத் தேர்வது மனிதன் கையில் உள்ளது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அறத்தையே கைத்தொழிலோடு ஒப்பிட்டார். கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞன் ஆவது போல, நேர்மையானவற்றைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளன் ஆகின்றான் என்பது அவர் கொள்கை. ஆயினும் ஒரு வேற்றுமையையும் அவர் சுட்டினார். கைவினையில் விளைந்த பொருள் நன்றாக இருந்தால் போதும். அறத்திலோ, செய்பவன் அறிந்து, தேர்ந்து, உறுதியோடு செய்தல் வேண்டும். ஆகவே ஒரு தனிச் செயலுக்கு மட்டும் மனிதன் பொறுப்பாளி அல்லன். எதனைத் திரும்பத் திரும்பச் செய்யத் தன்னை அனுமதிக்கின்றான் என்பதற்கே அவன் பெரிதும் பொறுப்பாளி.

கற்பிப்பவரின் பொறுப்பு

வளர்ந்தவனுக்கு இது பொருந்தும். குழந்தைக்குப் பொருந்துமா? எதைப் பழகுவது என்று குழந்தை தானாகத் தேர்வதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் அதற்காகத் தேர்கின்றனர். நரம்பிசைக் கருவி வாசிப்போரின் இடக்கை விரல்களுக்கு மூளையில் கூடுதல் இடம் அமைந்திருப்பதையும், இளமையில் தொடங்கியவரிடத்தே அது மிகுந்திருப்பதையும் 1995ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. இளமைப் பயிற்சியின் ஆற்றல் அத்தகையது. ஆதலின் ஆசிரியர் கரும்பலகையில் மட்டும் எழுதுவதில்லை. அழித்து எழுதுதற்கு அரிய மற்றொரு பலகையிலும் எழுதுகின்றார்.

தமிழாசிரியர்க்கு இதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ழகரம், ளகரம், லகரம் என்னும் மூன்றும் நாவின் மூன்று அசைவுகள். நாவும் தசையே, ஒலிப்பும் இயக்கமே. இலக்கணத்தில் பிறப்பியலை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன் ழகரத்தைத் தவறாக ஒலிக்கக் கூடும். பிறப்பியலை அறியாத பாட்டி அதனைப் பிழையின்றி ஒலிக்கக் கூடும். முன்னவனிடம் இருப்பது ஒன்று இன்னதென அறிதல். பின்னவரிடம் இருப்பது செய்ய அறிதல். விதியைச் சொல்லிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது எனக் கருதும் ஆசிரியர், நீந்தும் முறையைக் கரையில் எழுதிக்காட்டி மாணவனை ஆற்றில் விடுபவரை ஒத்தவர். பிழையான ஒலிப்பைத் திருத்தாமல் நூறு முறை ஒப்பிக்கச் செய்பவரோ, பிழைக்கே நூறு முறை பயிற்சி தந்தவராகின்றார்.

தடுமாறும் மாணவனை மந்தன் என ஒதுக்குவதும் இவ்வகையில் ஓர் அநீதியே. பயிற்சியின் தொடக்கத்தில் தடுமாற்றம் இயல்பு. பிழையே சிறுமூளைக்குப் பாடம். பிழை செய்ய அஞ்சும் மாணவன் முயற்சியைக் குறைக்கின்றான். முயற்சி குறைந்தால் மாற்றத்திற்கு வாயில் அடைபடுகின்றது. திறமை வெளியே தோன்றுவதற்கு முன்பே மண்டைக்குள் மாற்றம் தொடங்கிவிடுகின்றது என்னும் பொறுமை ஆசிரியர்க்கு வேண்டும்.

கைக்கு உரிய மதிப்பு

1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையின் விளிம்பை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அவர் பெயரை வரலாறு நினைவில் வைத்துள்ளது, அது முறையே. ஆயினும் அம்முறையை மரத்தின் மேல் உண்மையாக்கியவை, மலாயாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரட்டுக்கு எழுந்து சென்ற ஆயிரமாயிரம் கைகள். அவற்றின் பெயர்கள் ஏட்டில் இல்லை. எழுத்தறியாத காரணத்தால் அறிவில்லாதவர் என்று பேசப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அவ்வாறு பேசியவர்கள், ஒரு மில்லிமீட்டரை இருட்டில் அளந்த அறிவைத் தங்கள் கண்முன் கண்டும் காணாதவர்களாயினர்.

அதற்காகக் கையின் அறிவைப் புகழ்ந்து, ஏட்டின் அறிவை அவர்தம் பிள்ளைகளுக்கு மறுப்பதும் நேர்மையாகாது. உளியின் நுட்பத்தைப் போற்றுவோர் சிலர், அந்நுட்பமே அவர்களுக்குப் போதும் என்று முடித்துவிடுவதுண்டு. அது பாராட்டின் உருவில் வரும் பூட்டு. தோட்டத்துத் தாய் தம் மகன் கையில் உளிக்குப் பதிலாக எழுதுகோலைக் கொடுக்க விரும்பியது தம் தொழிலை இழிவாக எண்ணியதால் அன்று. தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு வாய்க்காதது அவனுக்கேனும் வாய்க்க வேண்டும் என்பதால்.

அந்த மகன் இன்று ஆசிரியராக இருக்கலாம். முதலாம் ஆண்டு வகுப்பில் சிறுமி ஒருத்தியின் விரல்களைப் பிடித்து அகரத்தின் சுழியை வளைக்கக் கற்பிக்கும்போது, அவர் செய்வது தம் தாய் செய்ததற்கு வேறானது அன்று. கோடு கோணும், மீண்டும் எழுத வேண்டும், மறுபடியும் கோணும். ஒருநாள் நேராகும். நேரான அந்நாளில் சிறுமிக்கு அவர் பிடித்த கை நினைவில் இராது. ஆனால், அவள் கைக்குத் தெரியும்.